கடலுக்கு நாடி பார்க்கும் சிப்பி

நமக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் நாடி பிடித்துப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் இரத்தம் எடுத்துச் சோதித்துவரச் சொல்கிறார். கடலுக்கு உடம்பு சரியில்லை என்றால்? அதற்கு நாடி எங்கே இருக்கிறது? யார் பிடித்துப் பார்ப்பது?

சிரிக்காதீர்கள், சகோதரிகளே! கடலுக்கும் வைத்தியர்கள் உண்டு. அவர்கள் கையில் எடுப்பது நாம் தேங்காயும் மிளகும் அரைத்துக் குழம்பு வைக்கிறோமே, அந்தச் சிப்பியைத்தான்!

எங்கள் நாகர்கோவில் பக்கம் சிப்பி தெரியாத மீன் சட்டி கிடையாது. குளச்சல், கடியப்பட்டணம் கடலில் பாறை பாறையாக முங்கி எடுத்து வருவார்கள். மலையாளத்தில் இதையே கல்லுமக்காய் என்பார்கள். இங்கிலீஷ்காரர் மஸ்ஸல் என்றும் ஆய்ஸ்டர் என்றும் இரண்டாகப் பிரிப்பதை நாம் பொதுவாகச் சிப்பி என்ற ஒரே பேரில் அடக்கிவிடுகிறோம்.

சைவ வீட்டுச் சகோதரிகள் "இது நமக்கில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் குழம்பைப் பற்றியது மட்டுமல்ல. வயிற்றில் வளரும் குழந்தையைப் பற்றியது. நம் வீட்டுக் குப்பைக் கூடையைப் பற்றியதும்தான்.

சிப்பியின் சிறுவாடு

சிப்பிக்கு மீனைப் போல நீந்தி இரை தேடத் தெரியாது. பிறந்து சில வாரங்கள் மிதந்து திரிந்துவிட்டு, பிறகு ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. சாப்பாடு? கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளால் வடிகட்டி, அதிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளைத் தின்றுவிட்டுத் தண்ணீரை வெளியே விட்டுவிடும். நடுத்தரமான ஒரு சிப்பி மணிக்கு ஒரு லிட்டர், சில சமயம் அதற்கு மேலும்கூட, இப்படி வடிகட்டுகிறது. கையகலம்கூட இல்லாத பிராணி ஒரு நாளில் ஒரு குடம் தண்ணீருக்கு மேல் வடிகட்டுகிறது என்றால் பாருங்களேன்!

தண்ணீரில் பாசி மட்டுமா வருகிறது? ஆலைக் கழிவோடு வந்த காட்மியமும், பழைய பெயிண்ட்டோடு வந்த ஈயமும், பாதரசமும், செம்பும் வருகின்றன. இவை சிப்பியின் உடம்புக்குள் போனால் சுலபத்தில் வெளியே வருவதில்லை. உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிற ஒரு வகைப் புரதம் அதன் உடம்பில் இருக்கிறது. கட்டிப்போட்டதால் சிப்பி பிழைத்துக்கொள்கிறது. உலோகமோ உள்ளேயே தங்கிவிடுகிறது.

நாம் கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்ப்போமே, அதேதான்! இன்று ஒரு ரூபாய், நாளை இரண்டு ரூபாய். யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கொட்டிப் பார்த்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். தண்ணீரில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உலோகம் சிப்பியின் சதையில் சேர்ந்துவிடுவது உண்டு.

தண்ணீரையே சோதித்தால் என்ன?

என் ஓரகத்தியின் மகள் கடல் உயிரியல் படித்தவள். லீவுக்கு வந்திருந்தபோது அவளிடம் இதைத்தான் கேட்டேன்.

"ஏண்டி, ஒரு பாட்டில் கடல் தண்ணியை எடுத்துச் சோதிச்சா ஆகாதா? வாயில்லாச் ஜீவனை ஏன் வதைக்கணும்?"

"பெரியம்மா, பேக்டரிக்காரன் ராத்திரி பதினோரு மணிக்குக் கழிவைத் திறந்து விடறான்னு வைங்க. நான் காலையில பத்து மணிக்குப் பாட்டிலோட போறேன். அதுக்குள்ள அலை அடிச்சுக்கிட்டுப் போயிடும். தண்ணி சுத்தம்னு எழுதிட்டு வந்துடுவேன். சிப்பி அப்படியா? ராத்திரி பகல் அங்கேயேதானே இருக்கு. எல்லாம் அதோட உடம்புல பதிவாகியிருக்கும்."

இன்னொரு காரணமும் சொன்னாள். கடல் தண்ணீரில் இந்த உலோகங்கள் இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம். எடுக்கிற பாட்டிலில், படகின் துருவில், ஏன், காற்றில் பறக்கும் தூசியில் இருக்கும் உலோகமே கணக்கைக் கெடுத்துவிடும். சிப்பியின் சதையில் கூட்டிச் சேர்த்து வைத்திருப்பதை அளப்பது எவ்வளவோ சுலபம். அதோடு, தண்ணீரில் இருப்பதில் எவ்வளவு உயிருக்குள் போகிறது என்பதையும் சிப்பிதான் காட்டும்.

சோதனை செய்யும் முறையைக் கேட்டால், நம் சமையலறைப் பக்குவம் எல்லாம் அதில் இருக்கிறது! ஒரே அளவுச் சிப்பிகளாகப் பொறுக்க வேண்டும். கிழச் சிப்பியில் அதிகமும் குஞ்சில் குறைவுமாக இருந்தால் கணக்கு ஒத்துவராது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் எடுக்க வேண்டும். முட்டையும் விந்தும் விட்ட பிறகு சிப்பி இளைத்துப்போகும். அப்போது கணக்கு மாறும். பிறகு சதையைத் தனியே எடுத்து, உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் கரைக்கிறார்கள். ஒவ்வொரு உலோகமும் எந்த ஒளியை விழுங்குகிறது என்று பார்த்து அளவு சொல்லும் கருவியில் அதைக் கொடுத்தால் ஈயம் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது.

சிப்பியே இல்லாத இடமானால்? சுத்தமான கடலிலிருந்து சிப்பிகளைக் கொண்டுவந்து வலைப் பையில் போட்டுத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். சில வாரம் கழித்து எடுத்துச் சோதிக்கிறார்கள்.

சிப்பிக் காவல்

எட்வர்ட் கோல்ட்பெர்க் என்பவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த விஞ்ஞானி. 1975-இல் அவர் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில், உலகக் கடல்களை எல்லாம் சிப்பியை வைத்தே காவல் காக்கலாமே என்று எழுதினார். அதற்கு 'மஸ்ஸல் வாட்ச்' என்று பேர். நாம் 'சிப்பிக் காவல்' என்று வைத்துக்கொள்வோம்.

எழுதியதோடு நிற்கவில்லை. 1976 முதல் 1978 வரை அமெரிக்கக் கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சிப்பி எடுத்துச் சோதித்தார்கள். 1986-இல் அந்நாட்டு அரசின் கடல், வளிமண்டல நிர்வாகம் இதை நிரந்தர வேலையாக எடுத்துக்கொண்டது. இடங்கள் சுமார் 300 ஆயின. ஆசியாவில் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தனபே தலைமையில் 1990-களில் இப்படி ஒரு முயற்சி நடந்தது. அதற்கு எடுத்துக்கொண்டது எது தெரியுமா? நம் பச்சை ஓட்டுச் சிப்பி! இந்தியக் கரைச் சிப்பிகளும் அதில் சோதிக்கப்பட்டன. சென்னைக்குப் பக்கத்தில் எண்ணூர்க் கழிமுகத்துச் சிப்பிகளையும் நம் ஆராய்ச்சியாளர்கள் உலோகத்துக்காகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள்.

தாய் அறியாத சூல்

இதெல்லாம் விஞ்ஞானிகளின் விளையாட்டு, நமக்கு என்ன என்று தோன்றுகிறதா? அப்படியானால் மினமாட்டாவின் கதையைக் கேளுங்கள்.

ஜப்பானில் கியூஷு தீவில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை, 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. அது மீனிலும் சிப்பியிலும் சேர்ந்தது. மீன் தின்ற பூனைகள் ஆட்டம் ஆடித் துடித்துச் செத்தன. 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை நடக்க முடியாமல், பேச முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவளுடைய தங்கைக்கும் அதே நோய். மே 1-ஆம் தேதி டாக்டர்கள் அரசுக்கு எழுதிப் போட்டார்கள். அந்த நாளைத்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளாக இன்றும் சொல்கிறார்கள்.

காரணத்தைத் தேடிய குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் 1960-களின் தொடக்கத்தில் அந்த விரிகுடாச் சிப்பியிலிருந்தே பாதரச விஷத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அரசு ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது 1968-இல்! அதுவரை கழிவு ஓடிக்கொண்டே இருந்தது. 2,200-க்கும் மேற்பட்டவர்கள் நோயாளிகள் என்று அரசாலேயே சான்று பெற்றார்கள்.

இதில் என் வயிற்றைக் கலக்கிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் சில குழந்தைகள் பிறக்கும்போதே கை கால் முடங்கிப் பிறந்தன. அவை மீனைத் தொட்டதும் இல்லை, தின்றதும் இல்லை. தாய்மாரோ பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தார்கள்! நஞ்சுக்கொடி விஷத்தை உள்ளே விடாமல் குழந்தையைக் காக்கும் என்றுதான் அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். டாக்டர் ஹரடா மசசுமி என்பவர் வீடு வீடாகப் போய் அந்தத் தாய்மார் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். 1962-இல் 16 குழந்தைகளுக்கு வந்தது கருவிலேயே ஏற்பட்ட பாதரச நோய்தான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. தாய் தின்றதில் இருந்த விஷம் அவளை விட்டுக் குழந்தையிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்னொன்று கேளுங்கள். நம்மில் சில குடும்பங்களில் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் வைப்பது உண்டல்லவா? ஜப்பானியரும் அதை ஒரு சிறு பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். ஹரடாவும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்தக் கொடிகளைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். எந்த ஆண்டு பிறந்த குழந்தையின் கொடியில் எவ்வளவு பாதரசம் என்று அதிலேயே எழுதி ஒட்டியது போல இருந்தது. அம்மாக்கள் ஆசையாக எடுத்து வைத்தது கடலின் கணக்குப் புத்தகமாகிவிட்டது!

சிப்பிக்குச் செய்கிற காவலை அந்த ஊரில் முன்கூட்டியே செய்திருந்தால், கொடியைச் சோதிக்கிற நிலைமை வந்திருக்குமா?

பிரான்சுச் சிப்பி சொன்ன சேதி

எல்லாம் துக்கக் கதைதானா என்றால், இல்லை. சிப்பி சொன்னதை நேரத்தோடு கேட்டவர்களும் உண்டு.

பிரான்சில் ஆர்க்கஷோன் என்று ஒரு விரிகுடா. சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். 1970-களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் வருஷா வருஷம் பிழைக்காமல் போயின. வளர்ந்த சிப்பிகளின் ஓடு அடுக்கடுக்காகத் தடித்து, நடுவே பசை போன்ற ஏதோ நிறைந்து, சதை சிறுத்துக் கிடந்தது. காரணம், படகுகளின் அடியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசிய பெயிண்ட்! அதில் வெள்ளீயம் சேர்ந்த ஒரு விஷப் பொருள் இருந்தது.

"வெள்ளீயமா? நம் ஈயச் சொம்பில் இருப்பதா?" என்று பதறாதீர்கள். ரசம் வைக்கும் சொம்பிலும், பித்தளைப் பாத்திரத்துப் பூச்சிலும் இருக்கும் சுத்தமான வெள்ளீயம் சாது. பெயிண்ட்டில் இருந்தது வேறு பொருள்களோடு சேர்த்துச் செய்த இரசாயனம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும், சில கடல் நத்தைகளில் பெண் நத்தைக்கு ஆணுறுப்பு முளைக்கத் தொடங்கிவிடும். இன்னும் கூடினால் முட்டையிட வழியில்லாமல் அந்த இனமே அந்தக் கரையில் அற்றுப்போகும். இங்கிலாந்துக் கரையில் இது நடந்தது.

பிரான்சு அரசு தாமதிக்கவில்லை. 1982-இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அந்தப் பெயிண்ட்டைத் தடை செய்தது. கொஞ்ச காலத்திலேயே ஆர்க்கஷோனில் சிப்பிக் குஞ்சுகள் மறுபடி பிழைக்கத் தொடங்கின. உலகக் கப்பல்கள் எல்லாவற்றுக்குமான உடன்படிக்கை 2001-இல் ஏற்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. தடைக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பிகளிலும் அந்த விஷம் குறைந்துகொண்டே வந்ததைச் சிப்பிக் காவல் காட்டியது.

அதே பிரான்சில் ஜிரோந்து முகத்துவாரத்துச் சிப்பிகளில் காட்மியம் மிதமிஞ்சி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆற்றோடு போய்ப் பார்த்தால், 300 கிலோமீட்டருக்கும் மேலே, உள்நாட்டில், துத்தநாகம் உருக்கிய ஆலைகளின் கழிவு! கடலையே பார்க்காத ஊர்க் குப்பையும் ஒரு நாள் கடலுக்குத்தான் போகிறது. தைவானில் 1986-இல் செம்பு மிகுந்து சிப்பியின் சதையே பச்சையாகிப்போனது. பழைய உலோகச் சாமான்களை எரித்து, அமிலத்தில் கழுவிச் செம்பு எடுத்த தொழில் அந்த ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தது.

அடுப்பங்கரையில் நாம்

சரி, நாம் என்ன செய்யலாம்? ஓரகத்தி மகளிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; உலோகம் சாகாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும், புளியோ மஞ்சளோ எவ்வளவு சேர்த்தாலும் ஈயமும் காட்மியமும் போகாது. ஆகவே எங்கிருந்து வந்த சிப்பி என்பதுதான் முக்கியம்.

2. சுத்தமான கடல் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் விட்டால் மணலும் ஓரளவு கிருமியும் போகும். உலோகம் குறைய வாரக் கணக்கில், சிலவற்றுக்கு மாதக் கணக்கில் ஆகும்.

3. துறைமுகச் சுவர், சாக்கடை முகம், படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடம், ஆலைக் கழிவு விழும் கழிமுகம் ஆகிய இடங்களில் ஒட்டியிருக்கும் சிப்பி எவ்வளவு கொழுத்திருந்தாலும் வேண்டாம். பிள்ளைகள் விளையாட்டாகப் பொறுக்கி வந்தாலும் சமைக்காதீர்கள்.

4. வாங்கும்போது வாய் திறந்திருக்கும் சிப்பியைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடாததைத் தள்ளிவிடுங்கள். இது கிருமிக்காக.

5. சிப்பியை அடியோடு விலக்கவும் வேண்டாம். நல்ல கடலில் விளைந்த சிப்பியில் இரும்புச் சத்தும் துத்தநாகமும் பி12 வைட்டமினும் நிறைய உண்டு. தினம் ஒரே பண்டத்தையே தின்னாமல் மாற்றி மாற்றிச் சமைப்பது எல்லோருக்கும் நல்லது. சிறு பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது.

6. பாதரசத்தைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது சிப்பியைவிடப் பெரிய மீன்களுக்குத்தான். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று, அதன் சிறுவாட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம். ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை சொல்கிறது. மத்தி, நெத்திலி, இறால் போன்றவற்றில் பாதரசம் குறைவு, அவற்றைக் கொடுக்கலாம். மாமியார், பாட்டிமாரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். "மத்திப் புட்டு வைத்துப் பார்ப்போமே, அத்தை" என்று கேட்டால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

7. பழைய பேட்டரி, மிச்சப் பெயிண்ட், உடைந்த டியூப் லைட்டு ஆகியவற்றைச் சாக்கடையில் போடாதீர்கள். இவற்றைத் தனியே வாங்கிக்கொள்ளும் இடம் உங்கள் ஊரில் இருந்தால் அங்கே கொடுங்கள். வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காமல், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கெட்டி அட்டையால் உருட்டி எடுத்து மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மீன்காரம்மாவின் கேள்வி

இதை எழுதப் போகிறேன் என்று எங்கள் மீன்காரம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

"ஏம்மா, நீங்க இப்படிப் பத்திரிகையில எழுதினா நாளைக்கு யாரும்மா எங்கிட்ட சிப்பி வாங்குவா? எங்க பொழப்பு என்னாவது?"

நியாயமான கேள்வி. மினமாட்டாவிலும் முதலில் அடி விழுந்தது மீனவர் வீட்டு அடுப்பில்தான். மீன் விற்கவில்லை, விற்காததைத் தாங்களே சாப்பிட்டு அவர்களே நோயிலும் விழுந்தார்கள். ஆனால் அது சோதித்துப் பார்த்ததால் வந்த நஷ்டமா? சோதித்துச் சொன்னதை மூடி மறைத்ததால் அல்லவா வந்தது! ஆர்க்கஷோனில் சிப்பி வளர்ப்பவர்கள் பிழைத்தது, உண்மை வெளியே வந்து பெயிண்ட் தடை செய்யப்பட்டதால்தான். ஐரோப்பிய நாடுகளில் ஒரு கிலோ சிப்பிச் சதையில் ஈயம் 1.5 மில்லிகிராம், காட்மியம் 1 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த அளவுக்குள் இருக்கிறது என்ற அத்தாட்சிதான் அங்கே விற்பவருக்குப் பலம்.

நான் அவரிடம் சொன்னேன்: "பாட்டியம்மா, உங்க சிப்பி நல்ல பாறைச் சிப்பின்னு சோதிச்சு ஒரு சீட்டு வந்துதுன்னா, நீங்க விலை பேச வேண்டிய வேலையே இல்லை."

"அந்தச் சீட்டை யாரு தருவா?" என்றார் அவர்.

அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான், சகோதரிகளே. நம் கரையின் சிப்பியை வருஷத்துக்கு ஒரு முறையாவது சோதித்து, முடிவைத் தமிழில், மீன் சந்தையிலேயே எல்லோரும் படிக்கும்படி எழுதிப் போடச் சொல்லிக் கேட்போம். மாதர் சங்கத்திலும் கிராம சபையிலும் கேட்போம். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் அதன் காதிலும் போட்டு வைப்போம். கேட்கிற வாய் பெண்களுடையதாக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். மினமாட்டாத் தாய்மார் காட்டிய பாடம் அது.